எட்டுப் பவுனும் நாய்க்குட்டித் தொழிலும்

கேள்வி: எனக்கு வயது 39. ராசிபுரத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். மாதம் 9,000 ரூபாய் வரும். கணவர் லாரி ஓட்டுகிறார், வீட்டுக்கு 25,000 தருவார். ஒரே மகள், பிளஸ் டூ படிக்கிறாள். தம்பியின் செல்போன் கடைக்காக 2021-ல் என் எட்டுப் பவுனை அடகு வைத்து 1,00,000 ரூபாய் வாங்கினோம். கடை ஓடவில்லை. வருடா வருடம் நகையை மாற்றி வைத்து, கடன் இப்போது 2,60,000 ஆகிவிட்டது. தம்பி எங்களுக்குக் கொடுத்த மினி என்கிற ஷிட்சு நாய் (சின்ன இனம்) போன வருடம் மூன்று குட்டி போட்டது. ஒன்று இறந்துவிட்டது. மற்ற இரண்டையும் 12,000-க்கும் 10,000-க்கும் விற்றோம். இன்னும் மூன்று பெட்டையும் ஒரு கடுவனும் வாங்கினால் வருடத்துக்கு 4,80,000 வரும் என்கிறான் தம்பி. நகை விலை ஏறியிருப்பதால் அதே எட்டுப் பவுனுக்கு 5,00,000 வரை கடன் தருவார்களாம். குட்டிகளைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாக நாய் விற்பவர் எழுதியும் தருகிறாராம். “உடன்பிறந்தவனுக்கு உதவாத நகை இருந்தென்ன?” என்று அம்மா அழுகிறார். வீட்டில் நாய் வளர்த்துக் குட்டி விற்பதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் நான்கு பக்கம் இருந்தது. மூன்றரைப் பக்கத்துக்கு மினியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், நகையைப் பற்றி ஆறே வரி. மேலே அதைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அந்த ஆறு வரியிலிருந்தே தொடங்குகிறேன். நாய் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உங்கள் குடும்பத்தை அரிப்பது அங்கேதான் இருக்கிறது.

நகையை ‘மாற்றி வைத்தோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி வைத்த ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்று பாருங்கள். வட்டி 12 சதவீதம் என்று சீட்டில் இருக்கிறது. முதல் வருடக் கடைசியில் 1,12,000 கட்ட வேண்டியிருந்தது. கட்டவில்லை, அதே நகைக்கு 1,50,000 வாங்கி, பழையதைக் கழித்துக்கொண்டு 38,000 கையில் வாங்கினீர்கள். அடுத்த வருடம் பாக்கி 1,68,000. அப்போது 2,00,000-க்கு மாற்றியதில் கைக்கு வந்தது 32,000. அதற்கடுத்த வருடம் பாக்கி 2,24,000. 2,60,000-க்கு மாற்றியபோது கைக்கு வந்தது 36,000. இந்த வருடம் முடியும்போது 2,91,200 கட்ட வேண்டும்.

இந்த நான்கு வருடத்தில் உங்கள் வீட்டுக்குள் வந்த பணம் மொத்தம் 2,06,000. மீதி 85,200 ரூபாய் வட்டி. அதில் ஒரு ரூபாயைக்கூட நீங்கள் கையால் எண்ணிக் கொடுக்கவில்லை என்பதால்தான் அது வலிக்கவில்லை. நகை விலை ஏறிக்கொண்டே போனதால், ஒவ்வொரு வருடமும் வட்டியும் கட்டி, கையிலும் கொஞ்சம் வாங்கி வந்தது மாதிரி உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. உண்மையில் அந்த விலை ஏற்றம் உங்கள் மகளுடைய சொத்து. அதை வருடம் ஒரு முறை சுரண்டி எடுத்துத் தம்பியின் பழைய கடைக் கடனுக்கும் வட்டிக்கும் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். விலை ஒரு வருடம் இறங்கினால்கூட இந்த வண்டி நின்றுவிடும். மாற்றி வைக்க முடியாது, வட்டியும் அசலும் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள், கட்டாவிட்டால் ஏலம். போதாததற்கு, ரிசர்வ் வங்கி 2025-ல் வெளியிட்ட நகைக்கடன் நெறிமுறைகளின்படி, கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகைக் கடனைப் புதுப்பிக்க வேண்டுமானால் அதுவரை சேர்ந்த வட்டியைக் கையிலிருந்து கட்டியாக வேண்டும்.

இப்போது 5,00,000 எடுத்தால் பழைய பாக்கி போகக் கையில் கிடைப்பது 2,08,800. ஆனால் வட்டி ஐந்து லட்சத்துக்கும் ஓடும். வருடம் 60,000, மாதம் 5,000. உங்கள் தையல் வருமானத்தில் பாதிக்கு மேல்.

சரி, நாய்க் கணக்குக்கு வருகிறேன். மினியின் பிரசவத்தை நீங்கள் எழுதியிருந்த விதம் மனதில் நிற்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு முக்கிக்கொண்டே இருந்தும் குட்டி வராமல், துண்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோய் சிசேரியன் செய்ததும், பிறகு குட்டிகளைச் சமையலறைத் தராசில் தினமும் எடை போட்டதும், மூன்றாவது குட்டி நாலாம் நாள் எடை குறைந்து, விடிகாலையில் உங்கள் உள்ளங்கையிலேயே குளிர்ந்துபோனதும். அதற்குக் கீழே நீங்களே செலவையும் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கூட்டவில்லை. மேட்டிங்குக்கு 5,000. ஸ்கேனும் எக்ஸ்ரேவும் 1,800. சிசேரியன் 14,000. தடுப்பூசி, பூச்சி மருந்து, பால் பவுடர் 3,200. மொத்தம் 24,000. விற்றது 22,000. அந்த மாதம் தையல் மெஷினைத் தொடாததால் போன ஆறாயிரத்தை நான் சேர்க்கவே இல்லை. உங்கள் தம்பி லாபம் என்று காட்டுகிற அந்த ஒரே பிரசவம் நஷ்டம்.

இது உங்கள் துரதிர்ஷ்டம் இல்லை. சின்ன நாய்களுக்குப் பிரசவம் சிக்கலாவது சாதாரணம். தாயின் இடுப்பு குறுகல், குட்டியின் தலை பெரிது. வயிற்றில் ஒன்றிரண்டு குட்டிகள் மட்டும் இருந்தால் அவை பெரிதாக வளர்ந்து இன்னும் சிரமம். குட்டி போட்ட பிறகு முதல் சில வாரங்களில் பால் கொடுக்கும் தாய்க்கு ரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்பு வரலாம். சில மணி நேரத்துக்குள் ஊசி போடாவிட்டால் தாயே போய்விடும். முதல் இரண்டு வாரம் குட்டிகளுக்குத் தங்கள் உடம்புச் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ளத் தெரியாது, அதனால் இரவும் பகலும் ஆள் வேண்டும். பார்வோ என்ற தொற்றுநோய் உள்ளே நுழைந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகும். வீடியோக்களில் டீகப் என்று காட்டி விலை ஏற்றுகிற நாய்கள் தனி இனமே இல்லை. அளவு மீறிச் சிறுத்த குட்டிகள்தான். ஒரு வேளை தீனி தவறினாலே சர்க்கரை இறங்கிச் சுருண்டுவிடும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

தம்பியின் கணக்கு இப்படி: மினியோடு சேர்த்து நான்கு பெட்டை, வருடம் இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி, ஒன்று 15,000. அதனால் 4,80,000. இதில் ஈற்று, குட்டி, விலை மூன்றுமே தப்பு.

நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் மத்திய அரசின் 2017-ம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அதன்படி, வருடத்துக்கு ஒரு ஈற்றுதான். பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பதற்காக இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 5,000, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வீட்டில்தானே செய்கிறோம் என்பது இங்கே செல்லாது. அடுத்த கட்டமாக பக் இன நாய் வாங்கலாம் என்று தம்பி சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். தமிழ்நாடு அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் வெயிலுக்கு ஒத்துவராத இனங்களின் பட்டியலில் பக்கும் இருந்தது.

இரண்டு மாதக் குட்டிகளாக வாங்குகிறீர்கள். பதினெட்டு மாதம் ஆக இன்னும் பதினாறு மாதம். சினை 63 நாள், அப்புறம் எட்டு வாரம். ஆக, புதிதாக வாங்கும் நாய்களிலிருந்து முதல் ரூபாய் வருவதற்கு இருபது மாதம். அந்த இருபது மாதமும் வட்டி மட்டும் ஒரு லட்சம். நான்கு புது நாய்களுக்குத் தீனிக்கும் ஊசிக்கும் ஒன்றுக்கு மாதம் 2,000 என்று குறைத்துப் போட்டாலும் 1,60,000. கைக்கு வந்த 2,08,800-ல் நாய் விலையும் கூண்டும் போனபின் இதை எங்கிருந்து கொடுப்பீர்கள்? தையலிலிருந்து, இல்லாவிட்டால் மறுபடியும் நகையை மாற்றி வைத்து.

அதற்குப் பிறகாவது லாபம் வருமா? நான்கு ஈற்று, ஈற்றுக்கு மூன்று குட்டி, பன்னிரண்டில் பத்து பிழைக்கிறது என்று வையுங்கள். உங்களுக்குக் கிடைத்த விலையிலேயே, சராசரி 11,000 என்றால் 1,10,000. ஐந்து நாய்களின் வருடச் செலவு 1,20,000. இதிலேயே பத்தாயிரம் துண்டு விழுகிறது. வட்டி 60,000-ஐயும் ஒரு சிசேரியனையும் இதன் மேல் வையுங்கள், 84,000 போச்சு.

“திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதித் தருகிறார்” என்ற வரியைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே பதற்றமாகிவிட்டது. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து பெருந்துறை எவ்வளவு தூரம்? 2012-ல் அங்கே ஈமு கோழி நிறுவனங்கள் கவிழ்ந்தபோது உங்கள் ஊர்ப் பக்கமும் பணம் போட்டவர்கள் இருந்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அதுவும் இதே வாக்குறுதிதான்: குஞ்சு நாங்கள் தருகிறோம், நீங்கள் வளருங்கள், நாங்களே வாங்கிக்கொள்கிறோம். வெளியே ஈமுக் கறிக்கோ முட்டைக்கோ சந்தை இல்லை. அடுத்து சேருகிறவர் கட்டும் பணம்தான் முன்னால் சேர்ந்தவருக்குப் போனது. சேருகிறவர் குறைந்ததும் கொட்டகையில் பறவைகள் தீனியில்லாமல் நின்றன. நாய் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். குட்டிக்கு வெளியில் அவ்வளவு கிராக்கி இருந்தால் அவர் ஏன் பெட்டைகளை உங்களுக்கு விற்கிறார்? அவரே வளர்க்கலாமே. அவர் சம்பாதிப்பது உங்களுக்கு விற்கும் நாய்களில்தான்.

என் யோசனை இது. கூடுதல் கடன் வேண்டாம். இருக்கிற கடனையும் இந்த வருடக் கடைசிக்குள் முடியுங்கள். எட்டுப் பவுனில் ஏறக்குறைய மூன்றரைப் பவுன், நீங்கள் கடிதம் எழுதியபோது இருந்த விலையில், சேதாரக் கழிவு போக, 2,91,200-ஐ அடைக்கும். சீதனமாகக் கொண்டுவந்த நகையை விற்கச் சொல்வது எனக்கும் சுலபமாக இல்லை. ஆனால் விற்காமலே வருடம் 31,200 ரூபாய்க்கு அதைக் கரைத்துக்கொண்டிருக்கிறீர்கள். விற்றால் நாலரைப் பவுன் உங்கள் பீரோவுக்குத் திரும்பி வரும், யாருக்கும் பாக்கி இல்லாமல். வட்டியாகப் போக இருந்ததை மாதம் 2,600 என்று வங்கியில் மகள் பெயரில் குறுகிய கால ஆர்.டி. போடுங்கள். அடுத்த ஜூனில் கல்லூரிச் செலவு வாசலில் நிற்கும்.

தம்பிக்கு என்ன சொல்வது? அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தன் பெயரில் கடன் வாங்காத வரை அவருக்குக் கடனின் கனம் தெரியாது, அவ்வளவுதான். நான்கு வருடத்தில் இரண்டு மாத வட்டி கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பழைய ஒரு லட்சத்தை இனி கடன் என்று சொல்லாதீர்கள், திரும்பக் கேட்கவும் வேண்டாம். தம்பிக்கு அக்கா செய்தது என்று முடித்துவிடுங்கள். இனிமேல் உதவுவதானால் உங்களால் முடிந்த பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ, ஒரே தடவை, கையில் இருக்கும் காசாக. நாய்த் தொழில் அவருடைய நம்பிக்கை என்றால், அவர் பெயரில், அவர் வீட்டில், ஒரே ஒரு பெட்டையோடு தொடங்கட்டும். அம்மா அழுவார். அவரிடம் சதவீதம் எல்லாம் பேச வேண்டாம். 2021 சீட்டையும் இந்த வருடச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அதே எட்டுப் பவுன், ஒன்றில் ஒரு லட்சம், மற்றதில் இரண்டு லட்சத்து அறுபதாயிரம். பேத்தியின் நகை எங்கே போகிறது என்று அவருக்கே புரியும். “உன் இஷ்டம்” என்று ஒதுங்கும் கணவரையும் அன்றைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். லாரியில் அவர் கழிக்கும் இரவுகளின் சம்பளமும் இதில்தான் போகிறது.

மினியை என்ன செய்வது என்று கடைசியில் சின்ன எழுத்தில் கேட்டிருந்தீர்கள். ஒரு முறை சிசேரியன் ஆன நாய். இனி குட்டி வேண்டாம் என்பதே என் விருப்பம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே கூட்டிப்போய்க் கருத்தடை செய்துவிடுங்கள். பின்னாளில் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் ஆபத்தும் போகும். இல்லை, இன்னொரு ஈற்று பார்த்தே தீர வேண்டும் என்றால், மேட்டிங்குக்கு முன்பே அங்குள்ள மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்க வேண்டும், அவசரத்துக்கு 25,000 தனியாக இருக்க வேண்டும், குட்டி வேண்டும் என்று குறைந்தது இரண்டு பேர் முன்பணம் கொடுத்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

நகையைத் திருப்பப் போகும்போது 2021-லிருந்து உள்ள எல்லாச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு உருப்படியையும் சீட்டில் உள்ள மொத்த எடையோடும் கல் நீக்கிய எடையோடும் அங்கேயே நிறுத்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். மகளையும் கூட்டிப் போங்கள், அவளும் பார்க்கட்டும்.