சாயாத ஊசி பழுதா? வாங்குவோர் கேள்வி-பதில்

பிளஸ் டூ இயற்பியல் ஆய்வகப் பொருள்கள், வீட்டு மின்சாதனங்கள் பற்றி ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி (இயற்பியல் ஆசிரியர், மண்டபம்): காந்தச் சரிவை, அதாவது காந்த ஊசி கிடைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி கீழே சாய்கிறது என்பதை, அளக்கும் சரிவு வட்டம் ஒன்றைப் பள்ளிக்கு வாங்கினோம். ஊசி கிடைமட்டமாகவே நிற்கிறது. இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் சாயவில்லை. விற்றவரோ கருவி சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். திருப்பி அனுப்பலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம், விற்றவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஊசி சாயாமல் கிடைமட்டமாகவே நிற்கும் இடங்களை இணைக்கும் கோடுதான் காந்த நடுவரை; அது இந்தியாவின் தென்முனையை ஒட்டித்தான் போகிறது. 1963-இல் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததே அந்தக் கோடு பக்கத்தில் போவதால்தான். மண்டபம் அதற்குச் சற்று வடக்கே இருக்கிறது. எனவே உங்கள் ஊரில் சரிவுக் கோணமே சில டிகிரிதான். இதே ஊசியை லண்டனில் வைத்தால் 66 டிகிரி அளவுக்குக் குப்புறச் சாயும். பாடப்புத்தகப் படங்களில் நன்றாகச் சாய்ந்த ஊசியையே பார்த்துப் பழகியதால் வந்த சந்தேகம் இது.

ஆனாலும் ஊசி உண்மையிலேயே பழுதாக இருக்க வாய்ப்புண்டு. கண்டுபிடிக்கும் வழி இது. ஊசியின் எந்த முனை தாழ்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊசியைக் கழற்றி, சட்டக் காந்தத்தால் ஒரே திசையில் இருபது முறை தேய்த்து வட, தென் முனைகளை இடம் மாற்றுங்கள். மறுபடி மாட்டினால், இப்போது வடமுனையாகிவிட்ட மறுமுனை தாழ வேண்டும். பழைய முனையே தாழ்ந்தால் அது பூமியின் காந்தத்தால் அல்ல, எடைச் சமநிலை தவறியதால். அப்போது தாராளமாகத் திருப்பி அனுப்பலாம். இரண்டு நிலைகளிலும் எடுத்த அளவுகளின் சராசரிதான் உண்மையான சரிவு. அடுத்து உராய்வு: ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோய் ஊசியை ஆட்டிவிட்டு, காந்தத்தைத் தூர வையுங்கள். ஐந்து முறை செய்தாலும் அரை டிகிரிக்குள் ஒரே இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அச்சு தாங்கும் விளிம்பில் தூசியோ உப்போ படிந்திருக்கும். உலர்ந்த தூரிகையால் துடையுங்கள். கடற்காற்றுக்குத் துருப் பிடிக்குமே என்று எண்ணெய் விட்டால் ஊசி அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். வட்டத்தைத் திருப்பி, ஊசி செங்குத்தாக நிற்கும் தளத்தைக் கண்டு, அங்கிருந்து 90 டிகிரி திருப்பினால் காந்தத் துருவத்தளம் (திசைகாட்டி ஊசி காட்டும் வட-தென் திசையில் உள்ள செங்குத்துத் தளம்) கிடைக்கும் என்பது வழக்கமான முறை. இந்தக் கடற்கரையில் அது சரிப்பட்டு வராது. இங்கே பூமியின் காந்தப் புலத்தின் கிடைத்தளக் கூறு சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. சரிவு 2 டிகிரி என்றால் செங்குத்துக் கூறு 1.4 மைக்ரோ டெஸ்லாதான். அந்தச் சின்ன விசைக்கு அச்சின் உராய்வை மீறி ஊசியை நிமிர்த்தத் தெம்பு கிடையாது. சாதாரணத் திசைகாட்டியால் துருவத்தளத்தைக் குறித்துக்கொண்டு, வட்டத்தை அதில் நிறுத்துவதே மேல். இரும்பு மேசை, மாணவர்களின் செல்போன், ஒலிபெருக்கி எல்லாம் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

திசைகாட்டி வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும், படகுக்கு வாங்குபவர்களுக்கும் சேர்த்துத்தான். ஐரோப்பாவுக்கென்று செய்த திசைகாட்டியில், வடமுனை சாய்வதை ஈடுகட்டத் தென்முனையில் சிறு எடை வைத்திருப்பார்கள். நம் பக்கத்தில் ஈடுகட்ட ஒன்றும் இல்லாததால் தென்முனை தாழ்ந்து அடித்தட்டில் உரசி நின்றுவிடும். நடுவரைப் பகுதிக்கானதா, எல்லாப் பகுதிக்கும் பொதுவானதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (பிளஸ் டூ மாணவி, கீழக்கரை): மின்காந்தத் தூண்டல் சோதனைக்காக 26 கேஜ் செம்புக் கம்பி 100 கிராம் வாங்கி 500 சுற்று சுற்றினேன். காந்தத்தை உள்ளே விட்டால் கால்வனாமீட்டர் முள் லேசாக அசைகிறது, எல்.இ.டி. எரியவே இல்லை. கம்பி போலியா?

பதில்: கம்பியை நாலு நிமிடத்தில் சோதித்துவிடலாம். ஆனால் குற்றவாளி காந்தமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

முதலில் கம்பி. 26 கேஜ் என்றால் விட்டம் 0.457 மி.மீ. அசல் செம்பு ஒரு மீட்டர் 1.46 கிராம் இருக்கும். எனவே 100 கிராமில் 68 மீட்டர் வர வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியும் சந்தையில் உண்டு. அது மீட்டருக்கு 0.6 கிராம் அளவுதான். பத்து மீட்டர் அளந்து நகைக்கடைத் தராசில் வைத்தால் 14 கிராமுக்கு மேல் காட்ட வேண்டும். 6 கிராம் என்றால் விஷயம் தெரிந்துவிட்டது. பிளேடால் ஆழச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவதும் அதற்கு அடையாளம். மல்டிமீட்டர் இருந்தால் அதே பத்து மீட்டருக்குச் செம்பு ஒரு ஓமை ஒட்டிக் காட்டும், பூச்சுக் கம்பி ஒன்றரை ஓமைத் தாண்டும். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்தால் வரும் அளவைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள். அலுமினியக் கம்பியை அலுமினியம் என்று சொல்லி விற்பதில் தவறில்லை. செம்பு என்று பில் போட்டு விற்றால்தான் மோசடி. ஆகவே பில்லில் 'செம்பு' என்று எழுதி வாங்குங்கள்.

கம்பியின் இரு நுனிகளிலும் 2 செ.மீ. நீளத்துக்கு எனாமலை உப்புத்தாளால் சுரண்டினீர்களா? முள் அசைவதால் ஓரளவு சுரண்டியிருப்பீர்கள். அரைகுறைச் சுரண்டல் மின்தடையைக் கூட்டிவிடும்.

இனி காந்தம். தூண்டப்படும் மின்னியக்கு விசை = சுற்றுகளின் எண்ணிக்கை × பாய மாற்றம் ÷ நேரம். பாயம் என்பது காந்தப் புலத்தைப் பரப்பால் பெருக்கிய அளவு. ஆய்வகச் சட்டக் காந்தத்தின் முனையில் புலம் 0.1 டெஸ்லா, முகப்பரப்பு 1 சதுர செ.மீ. என்று வையுங்கள். பாயம் 10⁻⁵ வெபர். அதை 0.1 நொடியில் உள்ளே விட்டால் 500 × 10⁻⁵ ÷ 0.1 = 0.05 வோல்ட். சிவப்பு எல்.இ.டி.க்கு 1.8 வோல்ட்டாவது வேண்டும். அது எரியாததில் ஆச்சரியம் இல்லை, முள் அசைந்ததே போதும்.

20 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. தடிமனும் உள்ள நியோடிமியம் வட்டக் காந்தம் மூன்று வாங்குங்கள். முகப்பரப்பு 3 சதுர செ.மீ., புலம் 0.3 டெஸ்லாவுக்கு மேல்; பாயம் முன்னதைவிடப் பத்து மடங்கு. மூன்றையும் ஒட்டி ஒரே உருளையாக்கினால் குழாய்க்குள் புரளாமல் நேராக விழும். ஒற்றைக் காந்தம் புரண்டு கணக்கைக் கெடுக்கும். வெளிவிட்டம் 3 செ.மீ. உள்ள பி.வி.சி. குழாயில் சுருள் சுற்றி, பத்துப் பதினைந்து செ.மீ. உயரத்திலிருந்து காந்தத்தை விட்டால் அது 0.02 நொடியில் சுருளைக் கடந்துவிடும். 500 × 10⁻⁴ ÷ 0.02 = 2.5 வோல்ட். எல்.இ.டி. பளிச்சென்று மின்னும். இரண்டு எல்.இ.டி.களை எதிரெதிராக இணைத்தால் காந்தம் நுழையும்போது ஒன்றும் வெளியேறும்போது மற்றதும் மின்னும். தூண்டப்படும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் என்ற லென்ஸ் விதியைத் தேர்வாளருக்கு விளக்க வேறு படமே வேண்டாம்.

நியோடிமியத்துக்கு உப்புக்காற்று எமன். மேலுள்ள நிக்கல் பூச்சு கீறினால் உள்ளே துரு ஏறிப் பொடியாகிவிடும். வாங்கிய அன்றே நகப்பாலிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால் காந்தத்தன்மையை இழக்கும். அதனால் சூடான சால்டரிங் அயர்ன் பக்கம் வேண்டாம். இரண்டு காந்தங்களுக்கு நடுவே விரல் சிக்கினால் ரத்தம் கட்டும்.

கேள்வி (இல்லத்தரசி, தேவிபட்டினம்): எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. குழாயில் மாட்டினால் உப்பை நீக்கும் என்று ஒரு காந்தப் பட்டையை வீட்டுக்கே வந்து விற்கிறார்கள். எங்கள் தண்ணீரில் கம்பி விட்டு மின்சாரம் பாய்ச்சிப் பழுப்பு நிறமாக்கிக் காட்டினார்கள்; கேன் தண்ணீர் மட்டும் நிறம் மாறவில்லை. பயமாக இருக்கிறது.

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரிலிருந்து வந்ததல்ல; அவர்கள் விட்ட இரும்புக் கம்பி கரைந்த துரு. உப்புள்ள தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கம்பி வேகமாகக் கரைகிறது. கேன் தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் நிறம் மாறவில்லை. அதே கேன் தண்ணீரில் நீங்கள் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு, மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள். ஆள் கிளம்பிவிடுவார்.

காந்தம் உப்பு அயனிகளைத் தள்ளும் என்பது பொய்யில்லை. ஆனால் எவ்வளவு? 2.5 செ.மீ. குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நீர் ஓட, புலம் 0.2 டெஸ்லா என்றால், குறுக்கே உருவாகும் மின்னழுத்தம் 0.2 × 1 × 0.025 = 5 மில்லி வோல்ட். நேர் அயனி ஒரு பக்கமும் எதிர் அயனி மறுபக்கமும் துளி விலகியதுமே அந்த 5 மில்லி வோல்ட் எதிர்த்து நிற்கும், விலகல் அத்தோடு முடிந்தது. காந்தத்தைத் தாண்டியதும் எல்லாம் பழையபடி கலந்துவிடும். இதே விளைவைப் பூமியின் காந்தப் புலத்தைக் கொண்டு தேம்ஸ் நதியில் அளக்க 1832-இல் ஃபாரடே வாட்டர்லூ பாலத்தில் முயன்று தோற்றார். பாம்பன் பாலத்தில் முயன்றிருந்தால் இன்னும் மோசம்; செங்குத்துக் கூறு இங்கே கிட்டத்தட்ட இல்லையே.

நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பட்டைக்கு முன்னும் பின்னும் அளந்தால் எண் மாறாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மி.கி.; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. அதற்கு மேல் போனால் ஆர்.ஓ. இல்லாமல் தீராது. ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள புகாருக்குக் கட்டணம் இல்லை. பில்லும் விளம்பரத் துண்டும் இருக்கட்டும்.

கேள்வி (தொண்டி): பிளக்கில் சொருகினால் மின்கட்டணம் குறையும் என்கிற சிறு பெட்டி?

பதில்: குறையாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு மின்தேக்கியும் ஒரு பச்சை விளக்கும்தான். மின்தேக்கி திறன் காரணியை, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதத்தை, சரிசெய்யும். ஆனால் வீட்டுக் கட்டணம் கிலோவாட் மணிக்கு, அதாவது உண்மைத் திறனுக்கு. அம்பியர் குறைவதைக் காட்டி ஏமாற்றுவார்கள். அம்பியருக்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை.

கேள்வி (தங்கச்சிமடம்): வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது, அதுவும் காற்று ஈரமாக இருக்கும் இரவுகளில். எலக்ட்ரீசியன் 'அதை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்துவிடலாம்' என்கிறார்.

பதில்: எடுக்கவே கூடாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் அதனுள் ஒரே வளையக் காந்த உள்ளகத்தின் வழியே போகின்றன. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கும்வரை பாயம் பூஜ்யம். எங்காவது கசிந்தால் வித்தியாசம் வளையத்தின் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும், சுவிட்ச் விழும். 30 மில்லி ஆம்பியர் கருவி 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். உப்பும் ஈரமும் படிந்த இணைப்புகளில் துளித்துளியாகக் கசிந்தே அந்த அளவு சேர்ந்துவிடும்.

ஒவ்வொரு மின்வரிசைக்கும் உள்ள பாதுகாப்பு சுவிட்சான எம்.சி.பி. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றியதும் விழுகிறதோ அந்த வரிசையில் தேடுங்கள்: மொட்டைமாடி விளக்குப் பெட்டி, மோட்டார் இணைப்பு, வாட்டர் ஹீட்டர் என்ற வரிசையில் பாருங்கள். எல்லாம் இறக்கியிருந்தும் விழுந்தால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. ஒற்றை முனை எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே வெட்டும் என்பதால் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். வெளிப்புறப் பெட்டிகளில் கேபிளைக் கீழிருந்து நுழையுங்கள். மேலிருந்து நுழைத்தால் கம்பி வழியே தண்ணீர் உள்ளே இறங்கும். புதிதாக வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழுள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். கருவி விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள்.