சாலையும் சட்டமும்: "சைக்கிளில் இருந்து விழுந்துட்டான்னு சொல்லிட்டோம்"

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், வேலூர் வட்டாரக் காவல் நிலையங்களில் பல வருடம் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்.)

கேள்வி: என் மகன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். அரசு கொடுத்த சைக்கிளில் டியூஷன் முடிந்து வரும்போது, சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் ஒரு கார் திரும்பும்போது இடித்துத் தள்ளிவிட்டது. பையன் உடனே எழுந்து "ஒண்ணும் இல்ல அங்கிள்" என்று சொல்லியிருக்கிறான். காரில் வந்தவர் என் போனுக்கு 2,000 ரூபாய் ஜிபே பண்ணிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மணிக்கட்டு வீங்கிவிட்டது, எலும்பு முறிவு. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து, ஆஸ்பத்திரியில் "சைக்கிளில் இருந்து விழுந்துட்டான்" என்று சொல்லிவிட்டோம். இரண்டு வாரம் ஆகிறது. செலவு ஏறிக்கொண்டே போகிறது. சைக்கிளுக்கு இன்சூரன்ஸும் கிடையாது. அவனும் கொஞ்ச தூரம் எதிர்ப்பக்கமாகத்தான் வந்திருக்கிறான். இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா?
(வாசகி, சத்துவாச்சாரி)

பதில்: முடியும் அம்மா. ஆனால் நீங்கள் கவலைப்படும் இடம் வேறு, சிக்கல் இருக்கும் இடம் வேறு.

சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் தேவையே இல்லை. இடித்த காருக்குத்தான் வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்தக் காரும் ரோட்டுக்கு வரக்கூடாது, உங்கள் பையன்தான் அந்த மூன்றாம் நபர். 2,000 ரூபாய் வாங்கியதும் குற்றமில்லை. சொல்லப்போனால் அது நல்லதுக்குத்தான். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் நாளைக்கு "நான் அந்தப் பக்கமே வரவில்லை" என்று சொல்லிவிடலாம். ஜிபேயில் பெயர், தேதி, நேரம் எல்லாம் நிற்கிறது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.

எதிர்ப்பக்கமாக வந்ததை மறைக்காதீர்கள். சர்வீஸ் ரோட்டில் யார்தான் நேராக வருகிறார்கள் என்று கேட்கத் தோன்றும், அது வேறு கதை. பையன் மீதும் தவறு இருக்கிறது என்று, இழப்பீட்டை முடிவு செய்யும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் நினைத்தால், மொத்தத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும். நீங்கள் மறைத்து அது கேமராவில் தெரிந்துவிட்டால், நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளையும் நம்ப மாட்டார்கள்.

உங்கள் உண்மையான சிக்கல் ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த ஒற்றை வரி. விபத்து என்று யார் வந்தாலும் அவசரப் பிரிவில் ஒரு பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். என்பார்கள். எப்படி அடிபட்டது, எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வண்டி என்று கேட்டு, நோயாளியோ கூட வந்தவரோ சொன்னதை அப்படியே குறிப்பார்கள். மோட்டார் விபத்து வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் எடுத்துப் பார்ப்பது எஃப்.ஐ.ஆரை இல்லை, இந்த ஏ.ஆர். காப்பியைத்தான். "சைக்கிளிலிருந்து தானே விழுந்தார்" என்று அதில் இருந்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது. பயத்தில் அம்மாக்கள் சொல்லும் இந்த வரியால் நொண்டியடித்த கேஸ் கட்டுகளை நான் நிறையத் தைத்திருக்கிறேன்.

அடித்துத் திருத்தச் சொல்லி யாரையும் கெஞ்சாதீர்கள், அது நடக்காது, நடக்கவும் கூடாது. அடுத்த முறை கட்டுப் பார்க்கப் போகும்போது டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, இன்றைய தேதியிட்டு அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அதே நாளில், விபத்து நடந்த இடம் எந்தக் காவல் நிலைய எல்லையோ அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள். புகாரில் கார் எண், நேரம், எந்தக் கடைக்கு எதிரில், யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் வேண்டும். அப்புறம் ஒரு பத்தி தனியாக எழுதுங்கள்: முதலில் ஏன் வரவில்லை, ஆஸ்பத்திரியில் ஏன் அப்படிச் சொன்னோம், 2,000 எப்படி வந்தது. இந்தப் பத்திதான் உங்களைக் காப்பாற்றும். தாமதத்துக்கு நம்பும்படியான காரணம் இருந்தால், எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்பதற்காக மட்டும் இழப்பீட்டைத் தள்ளிவிடக் கூடாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

முதலில் சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது கொடுப்பார்கள். அதோடு நின்றுவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். போட்டு அதன் நகல் தரச் சொல்லுங்கள். புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம். நான் இருந்த காலத்தில் இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 279, 337 என்று கை தானாக எழுதும். 2024 ஜூலையில் இருந்து, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் அது 281, 125 ஆகிவிட்டது. எலும்பு முறிவு கொடுங்காயத்தில் சேரும், அதனால் 125(பி) போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சாதாரணக் காயம் என்று போய்விட்டால் பிறகு மாற்ற அலைய வேண்டும்.

சைக்கிளை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் தொடாதீர்கள். வளைந்த ரிம், ஒட்டியிருக்கும் கார் பெயிண்ட் எல்லாம் போட்டோவாக வேண்டும். கார் எண்ணை எம்பரிவாகன் ஆப்பில் போட்டால் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். டி.என். 23 என்றால் நம் ஊர் ஆர்.டி.ஓ. ஏ.பி. 39 என்றால் ஆந்திராவில் எந்த ஊர் என்று எண்ணை வைத்துச் சொல்ல முடியாது, 2019-ல் இருந்து மாநிலம் முழுக்க அதே எண்தான் கொடுத்தார்கள். ஆனால் வண்டி எந்த மாநிலமாக இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. விபத்து நடந்த ஊரிலோ நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்டு மனு போடலாம். உங்களுக்கு இரண்டும் சத்துவாச்சாரிதான், கோர்ட்டும் அங்கேயே இருக்கிறது.

மனுவுக்குக் கெடு விபத்து நாளில் இருந்து 6 மாதம். 2022 ஏப்ரலில் இருந்து இந்தக் கெடு இருக்கிறது. "மோட்டார் கேஸுக்குக் காலக்கெடு கிடையாது" என்று பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். மைனர் என்பதால் பையனுக்காகத் தாயோ தகப்பனோ மனு போட வேண்டும். வரும் பணத்தைப் பெரும்பாலும் 18 வயது வரை வங்கியில் டெபாசிட்டாகப் போடச் சொல்வார்கள். மருந்து பில், ஆட்டோ செலவு, உங்கள் சம்பள இழப்பு எல்லாவற்றுக்கும் சீட்டு சேர்த்து வையுங்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடையில் ஒருவர் வந்து, "அக்கா, கையெழுத்து மட்டும் போடுங்க, வர்றதுல முப்பது பெர்சென்ட் எங்களுக்கு" என்பார். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவார். வக்கீல்கள் வரும் பணத்தில் பங்கு பேசக்கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. அவரை அனுப்பிவிட்டு, கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

கேள்வி: தோல் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது, மேல்விஷாரம் அருகே ஹைவேயில் கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் எலும்பு முறிவு. எண் பார்க்க முடியவில்லை. அன்றைக்கே 108-ல் கொண்டுபோனார்கள், எஃப்.ஐ.ஆரும் இருக்கிறது. "அடையாளம் தெரியாத வாகனம்" என்று போட்டிருக்கிறார்கள். யாரிடம் கேட்பது?
(வாசகர், ராணிப்பேட்டை மாவட்டம்)

பதில்: தம்பி, முதல் வாரத்துக்குள் என்றால் யாரையாவது அனுப்பி அந்த வழியில் உள்ள பெட்ரோல் பங்க், லாட்ஜ், மண்டி வாசல் கேமராக்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பதிவு தானாக அழிந்து புதியது ஏறிவிடும், போலீஸ் வரும் வரை அது காத்திருக்காது. சுங்கச்சாவடிப் பதிவையும் விசாரணை அதிகாரி கேட்டு வாங்கலாம், அதை அவருக்கு எழுத்தில் கொடுங்கள். இடித்த இடத்தில் உடைந்த இண்டிகேட்டர் கண்ணாடியோ பம்பர் துண்டோ கிடந்தால் அதை வைத்தே எந்த மாடல் என்று கண்டுபிடித்துவிடலாம்.

வண்டி கிடைக்கவே இல்லை என்றாலும் வெறுங்கையோடு போக வேண்டாம். இடித்துவிட்டு ஓடிய வாகன விபத்துக்கென்று மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் இருந்து உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முன் 12,500தான், அதைக் கேட்டு யாரும் நடக்கவே மாட்டார்கள். கோர்ட்டுக்குப் போக வேண்டாம். விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறை அதிகாரியிடம், அதாவது ஆர்.டி.ஓ. அல்லது தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும், கலெக்டர் உத்தரவு போடுவார். இங்கே ஆர்.டி.ஓ. என்றால் வருவாய்க் கோட்டாட்சியர், லைசென்ஸ் கொடுப்பவர் இல்லை. இந்தக் குழப்பத்தில் இரண்டு ஆபீஸுக்கும் அலைந்து களைத்தவர்கள் உண்டு. எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, வங்கிப் புத்தக நகல் எடுத்துப் போங்கள். பிற்பாடு வண்டி பிடிபட்டு முழு இழப்பீடு வந்தால் இந்த 50,000-ஐக் கழித்துக்கொள்வார்கள்.

சிகிச்சைச் செலவுக்கு: விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்குத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் உண்டு. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். அந்த நேரத்துக்கும் உங்களிடம் பணம் வாங்கியிருந்தால் பில்லோடு போய்க் கேளுங்கள்.

கேள்வி: ஆபீசர்ஸ் லைனில் நின்றிருந்த காரின் கதவைத் திடீரென்று திறந்தார்கள். சைக்கிளோடு விழுந்து பல் உடைந்தது. "வண்டி ஓடவே இல்லையே, இது எப்படி ஆக்சிடென்ட்?" என்கிறார் கார்க்காரர்.
(வாசகர், வேலப்பாடி)

பதில்: சட்டம் வண்டி ஓடியதா என்று மட்டும் பார்ப்பதில்லை, வண்டியின் பயன்பாட்டால் நேர்ந்ததா என்று பார்க்கிறது. நிறுத்தி இறங்குவதும் பயன்பாடுதான். கதவைத் திறந்தவர் பின் சீட்டில் இருந்தவராக இருந்தாலும் காரின் எண்ணையும் டிரைவர் பெயரையும் புகாரில் எழுதுங்கள். பல் உடைந்ததும் கொடுங்காயம்தான், அது பழைய சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. பல் டாக்டர் சீட்டில் எந்தப் பல், எப்படி உடைந்தது என்று குறித்து வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள்.