மந்தத்திலும் சினிமா பிழைக்கும், போட்ட பணம் பிழைக்குமா?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். கைக்கு வந்த தொகையில் 15 லட்சத்தை ஒரு படத்துக்குக் கொடுக்கச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். மூணு வட்டியாம், எழுத்திலேயே கேரண்டியாம். "1930-களில் அமெரிக்காவே திண்டாடியது, ஹாலிவுட் மட்டும் கொழித்தது. பொருளாதார மந்தத்திலும் சினிமாவுக்குச் சேதாரம் கிடையாது" என்கிறார். நம்பலாமா?

பதில்: அவருக்கு இதில் கமிஷன் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

ஹாலிவுட் கொழித்தது என்பது பாதிக் கதை. 1929-இல் பங்குச்சந்தை விழுந்தபோது பேசும்படம் புதுசு. அந்த மோகத்தில் இன்னும் ஒரு வருஷம் கூட்டம் தாக்குப்பிடித்தது. பிறகு வாரத்துக்குச் சுமார் 9 கோடி டிக்கெட் என்றிருந்த கணக்கு 6 கோடிக்கு இறங்கியது. 1930-இல் 1.8 கோடி டாலர் லாபம் பார்த்த பாரமவுண்ட் ஸ்டுடியோ, 1932-இல் 2 கோடிக்கு மேல் நஷ்டம் காட்டியது. 1933 ஜனவரியில் பாரமவுண்டும் ஆர்.கே.ஓ. என்ற இன்னொரு பெரிய ஸ்டுடியோவும், கடனில் மூழ்கிய கம்பெனியைக் கவனிக்க கோர்ட் நியமிக்கும் ரிசீவர்கள் கைக்குப் போயின.

படம் ஓடாதது மட்டும் காரணமில்லை. கடன்தான் கழுத்தை நெரித்தது. பாரமவுண்ட் நாடு முழுக்கத் தியேட்டர்களை வளைத்துப் போட்டது. ரொக்கம் கொடுக்காமல் பல இடங்களில் தன் பங்குகளையே கொடுத்தது. கூடவே, "குறிப்பிட்ட தேதியில் இன்ன விலைக்கு நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று எழுதியும் கொடுத்தது. சந்தை விழுந்தது, பங்கு விலை பாதாளத்துக்குப் போனது. எழுதிக் கொடுத்த விலை மட்டும் இறங்கவில்லை. உங்களிடம் "வட்டிக்கு கேரண்டி" என்கிறாரே, அந்தக் காகிதத்துக்கும் இதே ஜாதகம்தான்.

"எம்.ஜி.எம். ஸ்டுடியோ ஒரு வருஷம்கூட நஷ்டப்படவில்லையே" என்று அடுத்து ஆரம்பிப்பார். உண்மைதான். ஆனால் அதன் தாய்க் கம்பெனி லோஸ் வைத்திருந்த தியேட்டர்கள் நூற்றுச் சொச்சம். பாரமவுண்டிடம் ஆயிரத்துக்கு மேல். லோஸ் தியேட்டர்களில் பெரும்பாலானவை நியூயார்க் போன்ற பெருநகரங்களில், புதுப்படம் முதலில் இறங்கும் இடங்களில் இருந்தன. அடமானச் சுமை குறைவு, கையில் பெரிய நட்சத்திரங்கள். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் எம்.ஜி.எம். உங்கள் தயாரிப்பாளரிடம் எத்தனை இருக்கிறது? எம்.ஜி.எம்.மைக் காட்டி ஆள் பிடிப்பவரிடம் இதை மட்டும் கேளுங்கள், பேச்சை மாற்றிவிடுவார்.

சரி, தொழில் எப்படித்தான் பிழைத்தது? தியேட்டர்காரர்கள் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டினார்கள். வாரத்தில் ஒரு நாள் டிக்கெட்டோடு ஒரு பீங்கான் பாத்திரம் கொடுத்தார்கள். இந்த வாரம் கப், அடுத்த வாரம் சாஸர். செட் முழுசாகச் சேர வேண்டுமென்றால் வீட்டுப் பெண்கள் மாதக்கணக்கில் வந்தாக வேண்டும். படம் என்னவென்றே பலர் பார்க்கவில்லை. அந்தஸ்துக் குறைச்சல் என்று வாசலில் நிறுத்தியிருந்த பாப்கார்னையும் உள்ளே விட்டார்கள்.

மிச்சச் சுமை தொழிலாளி தலையில். 1933 மார்ச்சில் அதிபர் ரூஸ்வெல்ட் வங்கிகளைத் தற்காலிகமாக மூடியதும், ஸ்டுடியோக்கள் எட்டு வாரத்துக்குச் சம்பளத்தைப் பாதியாக வெட்டப் பார்த்தன. எழுத்தாளர்களும் நடிகர்களும் அதே வருஷம் சங்கம் கட்டியதற்கு இந்த ஆத்திரமும் ஒரு காரணம். பாரமவுண்ட் 1935-இல் புதுக் கம்பெனியாக எழுந்து வந்தது. தொழில் பிழைத்தது, பழைய பங்குக்காரர்கள் அடிவாங்கினார்கள். நீங்கள் நிற்கப்போவது அவர்கள் வரிசையில்.

பணத்தைத் திரும்பப் பெற இங்கேயும் வரிசை உண்டு. ரிலீஸுக்கு முந்தின ராத்திரி, பெரிய பைனான்சியர் கணக்கு முடித்து, ஆட்சேபணை இல்லை என்று கடிதம் கொடுத்தால்தான் படம் வெளியே வரும். அந்த அறைக்குள் உங்களுக்கு நாற்காலி கிடையாது. "லாபத்தில் பங்கு" என்று எழுதினால் லாபமே வராதபடி செலவுக் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஏமாந்தபின் போலீஸுக்குப் போனால் "சிவில் மேட்டர்" என்பார்கள். சிவில் கோர்ட்டுக்குப் போனால் வாய்தா. மோசடிக்காரனுக்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை யாரும் செய்துதர முடியாது.

கொடுத்தே தீர வேண்டும் என்றால், தரகர் பெயருக்கோ ரொக்கமாகவோ வேண்டாம். தயாரிப்பு நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். ஏற்கெனவே யாரிடம் எவ்வளவு கடன், ரிலீஸின்போது உங்களுக்கு எத்தனையாவது இடம் என்று எழுத்தில் வாங்கி, உங்கள் சொந்த வக்கீலிடம் காட்டுங்கள். தரகர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம். "அதெல்லாம் நம்பிக்கைதான் சார்" என்றால், 15 லட்சம் வங்கியிலேயே இருக்கட்டும்.