லிஃப்ட் கிட்டுக்குப் பணம் கட்டும் முன் டயரை முடிவு செய்யுங்கள்

கேள்வி: என் நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பில் இப்போது 265/65 R17 டயர்களும், 7.5 அங்குல அகலமும் பிளஸ் 30 ஆஃப்செட்டும் உள்ள வீல்களும் இருக்கின்றன. முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், பின்பக்கம் கமான் பட்டை. 4 அங்குல லிஃப்ட் கிட்டுடன், 9 அங்குல அகலமும் மைனஸ் 12 ஆஃப்செட்டும் கொண்ட 20 அங்குல வீலும் 33 அங்குல டயரும் போடலாம் என்கிறார் கடைக்காரர். வாரம் ஒருமுறை பாரம் ஏற்றிக்கொண்டு மண்சாலையில் போகிறேன். டயர் உரசுமா? பாதுகாப்பானதா?

பதில்: உரசும். வண்டியை இன்னும் உயர்த்தினால் அந்த உரசல் போய்விடும் என்று சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். நீங்கள் கொடுத்த அளவுகளின்படி, ஆஃப்செட், அதாவது வீலின் நடுக்கோட்டுக்கும் அது அச்சு முனையில் (ஹப்பில்) உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம், மாறுவதால் 42 மி.மீ., கூடும் அகலத்தில் பாதி வெளிப்பக்கம் போவதால் 19 மி.மீ., ஆக ஒவ்வொரு வீலின் வெளிவிளிம்பும் சுமார் 61 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது அந்த டயர் பெரிய வட்டமாகத் திரும்பி, முன்னே பம்பரின் ஓரத்திலும் பின்னே மட்கார்டின் அடியிலும் முட்டும். லிஃப்ட் கிட் வண்டியின் உடலை மேலே தூக்குமே தவிர, முன்னும் பின்னும் இடம் உண்டாக்காது. கூடவே வீல் பேரிங்கின் மீது விழும் சுமையும் கூடும்.

ஆகவே முதலில் டயரையும், அதற்கேற்ற வீலையும், கடைசியாக அந்த டயருக்குத் தேவையான அளவு உயரத்தையும் முடிவு செய்ய வேண்டும். கடைகளில் இந்த வரிசை தலைகீழாக நடப்பதற்குக் காரணம், லிஃப்ட் கிட்டை அங்குலக் கணக்கில் விற்பது எளிது என்பதுதான். பின்னச்சின் அடியில் உள்ள இடைவெளியைக் கூட்டுவது டயர் மட்டுமே. நான்கு அங்குலம் தூக்கினாலும் பின்னச்சு இருந்த உயரத்திலேயே இருக்கும். டயர் எண்ணில் முதலில் வருவது மி.மீ. கணக்கில் அகலம், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, R-க்குப் பின் வருவது அங்குலத்தில் வீலின் விட்டம். 265/65 R17 டயரின் மொத்த விட்டம் சுமார் 776 மி.மீ., 33 அங்குலத்துக்கு நெருக்கமான 285/70 R17 டயரின் விட்டம் சுமார் 831 மி.மீ. அந்த 55 மி.மீ. வித்தியாசத்தில் பாதிதான், அதாவது சுமார் 27 மி.மீ., அச்சின் அடியில் உங்களுக்குக் கிடைக்கும். அதற்கு விலையாக, ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் சுமார் 107 வேகத்தில் ஓடும், முடுக்கமும் மந்தமாகும். உங்கள் உபயோகத்துக்கு 265/70 R17 போதும் என்பது என் கருத்து. வீலை 20 அங்குலமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏறத்தாழ அதே மொத்த விட்டமுள்ள 275/60 R20 டயரின் பக்கச்சுவர் 165 மி.மீ. மட்டுமே, 285/70 R17 டயரில் அது கிட்டத்தட்ட 200 மி.மீ. மண்சாலையின் அடியை வாங்கிக்கொள்வது அந்தப் பக்கச்சுவர்தான்.

இனி அந்த நான்கு அங்குலத்துக்கு வருவோம். குறைந்த விலையில் முன்பக்கம் இவ்வளவு உயரம் தருகிறேன் என்பவர் பெரும்பாலும் ஷாக் அப்சார்பரின் தலையில் ஒரு ஸ்பேசரை, அதாவது உயரம் கூட்டும் ஒரு தடித்த வில்லையைத்தான் வைக்கிறார். சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் மேல், கீழ் ஆர்ம்களில் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் ஷாக் அப்சார்பர் உட்காருவதால், ஒரு அங்குல ஸ்பேசர் சக்கரத்தில் ஏறத்தாழ இரண்டு அங்குல உயரமாகத் தெரியும். கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் மேல் ஆர்மின் முனையில் உள்ள உருண்டை மூட்டும் (பால் ஜாயின்ட்), சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டும் (ஆக்சில் ஜாயின்ட்) தங்கள் கோண எல்லையிலேயே நாளெல்லாம் வேலை செய்யும். உண்மையாகவே நான்கு அங்குலம் வேண்டுமென்றால் கீழ் ஆர்ம்களையும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் பிராக்கெட் வைத்துக் கீழே இறக்கும் கிட் வேண்டும். அது வேறு வேலை, வேறு செலவு. தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள பிக்கப்பில் இரண்டு அங்குலத்தைத் தாண்டாமல் இருப்பதே நல்லது. அதையும் ஸ்பேசரால் அல்லாமல், அந்த உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றிப் பெற வேண்டும். வேலை முடிந்ததும் அலைன்மென்ட் கட்டாயம்.

பின்பக்கம் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்துவது சரியா என்றும் நீங்கள் கேட்கலாம். பாரம் ஏற்றும் வண்டிக்குக் கட்டை வேண்டாம், பட்டையையே மாற்றுங்கள் என்பேன். ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சற்று விளக்கியாக வேண்டும். சில பிக்கப்களில் தொழிற்சாலையே ஒரு கட்டையை வைத்துத்தான் அனுப்புகிறது. அதனால் கட்டை என்றாலே ஆபத்து என்று சொல்வது தவறு. அதை எடுத்துவிட்டு, முழு அச்சுத்தளத்திலும் உட்காரும், உறுதியான, சற்று உயரமான ஒரே கட்டையைப் புதிய நீண்ட யூ போல்ட்டுகளுடன் வைக்கலாம். இருக்கும் கட்டையின் மேல் இன்னொன்றை அடுக்குவதும், பழைய யூ போல்ட்டையே மீண்டும் முறுக்குவதும், முன்னச்சுக்குக் கட்டை வைப்பதும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ளும் விசையை உயரமான கட்டை இன்னும் பெரிதாக்கும். பலர் விதிவிலக்கைக் கேட்டுவிட்டு அதன் நிபந்தனையை மறந்துவிடுவதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

வீல் வாங்கும்போது போல்ட் துளைகள் பொருந்திவிட்டால் போதும் என்பார்கள். போதாது. நடுத்துளை ஹப்பில் இறுக்கமாக உட்கார வேண்டும், நட்டின் முனை வீலின் துளை வடிவத்தோடு ஒத்துப்போக வேண்டும், வீலின் உட்புறம் அச்சடித்த சுமைத் திறன் அச்சின் அதிகபட்ச எடையில் பாதிக்குக் குறையக் கூடாது. டயரின் சுமை எண்ணும் பழையதைவிடக் குறையக் கூடாது; 112 என்றால் ஒரு டயருக்கு 1,120 கிலோ. அச்சடிப்பே இல்லாத வீலுக்குக் கடைக்காரர் தரும் வாய்மொழி உறுதி எதற்கும் உதவாது. வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோனால் டேப் வைத்து உயரம் அளப்பார்கள், விளக்கைப் பார்ப்பார்கள். சுமைத் திறனைக் கேட்பவரைக் காண்பது அரிது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் முத்திரை குத்தும் இந்த வழக்கத்தால்தான் தரமற்ற வீல்கள் தடையின்றி விற்கின்றன. இருந்தாலும் உங்கள் ஊர் விதியைத் தெரிந்துகொண்டு, காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலையும் வேலைக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

பின்னச்சுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு நெம்புகோலால் இயங்கும் பிரேக் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால், அதன் பிராக்கெட்டைத் திருத்தச் சொல்லுங்கள். உடல் உயர்ந்துவிட்டதும் வண்டி காலியாக இருப்பதாக அந்த வால்வு எடுத்துக்கொண்டு, பாரம் இருக்கும்போதும் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் குறைத்துவிடும். பிரேக் குழாய்களின் நீளத்தையும் முன்விளக்கின் கோணத்தையும் அன்றே பார்த்துவிட வேண்டும். வீல் நட்டுகளை முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி முறுக்க வேண்டும். ஸ்டெப்னியையும் புதிய டயரின் அளவிலேயே வாங்குங்கள். நான்கு சக்கர இயக்கத்தில் ஒரு சக்கரம் மட்டும் வேறு விட்டத்தில் ஓடினால், முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கெட்டுவிடக்கூடும்.