அப்பா பூட்டிய எட்டடி டிஷ்ஷும் கடைக்காரர்கள் சொன்ன மூன்று வழிகளும்

கேள்வி: மாத்தளையில் எங்கள் வளவில் அப்பா 1997இல் பூட்டிய எட்டடி வலை டிஷ் இன்னும் நிற்கிறது. அந்த நாளில் மாதக் கட்டணம் எதுவும் இல்லாமல் இந்தியச் சேனல்கள் வந்தன. பிறகு ஒவ்வொன்றாக நின்றுபோய்விட்டன. இப்போது அம்மா தனியாக இருக்கிறார், தமிழ்ச் சேனல்கள் வேண்டும் என்கிறார். ஒரு கடையில், "டிஜிட்டல் பெட்டி மட்டும் மாற்றுங்கள், எல்லாம் வரும்" என்கிறார்கள். இன்னொரு கடையில் திருச்சி முகவரியில் பதிந்த இந்திய டிடிஎச் பெட்டியைத் தருவதாகச் சொல்கிறார்கள். மூன்றாமவர் இன்டர்நெட்டில் இணைக்கும் ஒரு பெட்டியைக் காட்டி, வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும் என்கிறார். யாரை நம்புவது? டிஷ்ஷைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

பதில்: இரும்புக்குப் போடும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அலையை ஒரு புள்ளியில் குவித்துக் கொடுப்பது மட்டும்தான் டிஷ்ஷின் வேலை. அந்த அலையில் ஏறி வருவது அனலாக்கா, டிஜிட்டலா என்று அதற்குத் தெரியாது. வலை நசுங்காமல், கால் சாயாமல் இருந்தால் 1997இல் செய்த வேலையை இன்றும் செய்யும்.

மாறியவை வேறு. முதலில் அனுப்பும் முறை மாறியது. பிறகு அனுப்பியதைப் பூட்டினார்கள். அப்புறம், அந்தப் பூட்டின் சாவியை எந்த நாட்டுக்காரருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். கடைக்காரர்கள் உங்களிடம் பேசுவதெல்லாம் முதலாவதைப் பற்றி. உங்கள் பணம் மாட்டிக்கொள்ளப்போவது மூன்றாவதில்.

அனலாக் காலத்தில் செயற்கைக்கோளின் ஒரு டிரான்ஸ்பாண்டரை (அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு வழித்தடம்), அதாவது 27 அல்லது 36 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை, பெரும்பாலும் ஒரே சேனல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முழு வாடகையும் அந்த ஒரு சேனல் தலையில். எம்பெக்-2 முறையில் படத்தைச் சுருக்கி அனுப்பத் தொடங்கியதும் அதே இடத்தில் ஆறு, எட்டு சேனல்கள் உட்கார முடிந்தது. வாடகை பங்கு போட்டுக்கொள்ளப்பட்டது. இதற்குப் பிறகு எந்த நிறுவனம் அனலாக்கைக் கட்டிக்கொண்டு அழும்? உங்கள் வீட்டில் சேனல்கள் "ஒவ்வொன்றாக" நின்றதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொன்றும் தன் வசதிப்படி மாறியது. பார்ப்பவரிடம் யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

மாறிய பிறகு படம் கெடும் விதமும் மாறிவிட்டது. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படத்தில் ஈ மொய்த்ததுபோல் புள்ளி விழும். ஆனாலும் கதை புரியும். டிஜிட்டலில் சிக்னல் ஓரளவுக்கு மேல் இருக்கும்வரை படம் கண்ணாடி. அந்த அளவுக்குக் கொஞ்சம் கீழே இறங்கியதும் கட்டம் கட்டமாக உடையும், அடுத்த நிமிடம் ஒன்றுமே இராது. அதனால்தான் "நேற்றுவரை நன்றாக வந்ததே" என்ற புகார் டிஜிட்டலில் அதிகம்.

இனி பூட்டு. பூட்டு டிஜிட்டலோடு பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. அமெரிக்காவில் எச்பிஓ என்ற கட்டணச் சேனல் தன் செயற்கைக்கோள் ஒளிபரப்பை 1986 ஜனவரியிலேயே, அனலாக்கிலேயே பூட்டிவிட்டது. பெரிய டிஷ் வைத்து இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். டிஷ் வியாபாரிகளுக்கு விற்பனை படுத்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 27 அன்று, ஃபுளோரிடாவில் டிஷ் வியாபாரம் செய்துகொண்டே செயற்கைக்கோளுக்கு அலை அனுப்பும் ஒரு அப்லிங்க் நிலையத்திலும் வேலை பார்த்த ஒருவர், இரவு நேரத்தில் எச்பிஓவின் அலைமீதே ஏறி நான்கரை நிமிடம் தன் செய்தியை ஓடவிட்டார். மாதம் 12.95 டாலரா, முடியாது என்பதுதான் சாரம். 'கேப்டன் மிட்நைட்' என்று பெயர் போட்டுக்கொண்டார், பிறகு பிடிபட்டார். பூட்டு அப்படியே இருந்தது. எங்கள் தொழிலில் இந்தக் கதையைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமூச்சும் வரும்.

டிஜிட்டல் பூட்டு அனலாக் பூட்டைவிடக் கெட்டி. படம் கலைத்துப்போட்டு அனுப்பப்படும். அதைச் சேர்க்கும் சாவி ஒரு சிறிய எண், பொதுவாகப் பத்து விநாடிக்கு ஒருமுறையாவது மாறிக்கொண்டே இருக்கும். புதிய எண்ணும் அதே அலையில்தான் வருகிறது, ஆனால் பூட்டிய நிலையில். அதைத் திறப்பது பெட்டிக்குள் இருக்கும் கார்டு, அல்லது கார்டின் வேலையைச் செய்யும் சிப். கார்டுக்கு அந்த உரிமை இருக்கிறதா என்பதைச் சொல்லும் கட்டளையும் வானத்திலிருந்துதான் வரும். ரீசார்ஜ் செய்த பிறகு பெட்டியை அணைக்காமல் வைத்திருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். அணைந்திருக்கும் பெட்டிக்குக் கட்டளை காதில் விழாது.

இப்போது முதல் கடைக்காரர். "பெட்டி மட்டும் மாற்றினால் எல்லாம் வரும்" என்பதில் பாதி உண்மை. பூட்டில்லாத சேனல்கள் வரும். தமிழில் செய்திச் சேனல்களும் பக்திச் சேனல்களும் சில இன்னும் சி பேண்டில் (உங்கள் எட்டடி டிஷ் பிடிக்கும் அலைவரிசைப் பகுதி) பூட்டில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் அம்மா கேட்பது தொடர்கள் என்றால், அவை பெரும்பாலும் கட்டணச் சேனல்களில் இருக்கின்றன. எட்டடி டிஷ்ஷில் விழும் அந்தச் சி பேண்ட் சிக்னல் உங்களுக்காக அனுப்பப்படுவதே இல்லை. கேபிள் நிறுவனங்களும் டிடிஎச் நிறுவனங்களும் வாங்கி மறுபடி விநியோகிப்பதற்காக அனுப்பப்படுகிறது. அதைத் திறக்கும் பெட்டியும் கார்டும் அவர்களுக்கு மட்டும்தான் கொடுக்கப்படும். எத்தனை ஆயிரம் ரூபாய்க்குப் பெட்டி வாங்கினாலும் வீட்டில் அது திறக்காது.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் நானும் ஒருமுறை இப்படி விற்றேன். டிஜிட்டல் பெட்டி புதிதாக வந்த காலத்தில் ஒரு வாத்தியார் வீட்டுக்கு நல்ல விலைக்கு ஒன்று மாட்டிவிட்டு, அவர் வீட்டுக் காபியையும் குடித்துவிட்டு வந்தேன். நாற்பது நாளில் அவர் விரும்பிப் பார்த்த சேனல் பூட்டிக்கொண்டது. பெட்டி புதிது, டிஷ் சரி, சிக்னல் அளவுமானியில் முழுக் கோடு, திரையில் மட்டும் 'ஸ்கிராம்பிள்டு' என்று ஒரு வார்த்தை. அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதன் பிறகு, எந்தச் சேனல் பூட்டில்லாதது என்று கேட்காமல் யாருக்கும் பெட்டி விற்பதில்லை.

பெட்டி மாற்றுவதாகவே இருந்தால் டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் பாகத்தையும் பார்க்க வேண்டும். 1997 மாடலில் எல்என்பி (டிஷ் குவித்த அலையை வாங்கிப் பெட்டிக்கு அனுப்பும் பாகம்) தனியாக, அதன் முன்னால் சின்ன மோட்டார் ஒன்று உள்ளே ஊசியைத் திருப்பி, கிடை அலை, செங்குத்து அலை என்று மாற்றும். இன்றைய பெட்டிக்கு அந்த மோட்டாரை ஓட்டத் தெரியாது. 13 வோல்ட், 18 வோல்ட் என்று மின்சாரத்தை மாற்றித்தான் அது பேசும். போதாததற்கு, பழைய எல்என்பி வெயிலில் சூடானால் அலைவரிசை ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். 27 மெகாஹெர்ட்ஸ் அகல அனலாக்கில் அது யாருக்கும் தெரிந்திருக்காது. சில மெகாஹெர்ட்ஸ் அகலமே உள்ள டிஜிட்டல் சேனல் மத்தியானம் காணாமல் போய்விடும். எனவே இரட்டை போலரைசேஷன் உள்ள, அதாவது கிடை, செங்குத்து இரண்டையும் பிடிக்கும் புதிய சி பேண்ட் எல்என்பி ஒன்று போட வேண்டும், பெரிய செலவில்லை. பெட்டி டிவிபி-எஸ்2 (புதிய அனுப்பும் முறை), எம்பெக்-4 (புதிய சுருக்கும் முறை) இரண்டையும் பிடிப்பதாக இருக்கட்டும். கைபேசிக் கோபுரம் பக்கத்தில் இருந்தால் எல்என்பி முன்னால் ஒரு ஃபில்டரும் தேவைப்படலாம். சி பேண்டின் கீழ்ப்பக்க அலைகள் பல நாடுகளில் 5ஜிக்குப் போய்விட்டன. இந்தியாவில் 2022 ஏலத்தில் 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை விற்றார்கள்.

இரண்டாவது கடைக்காரரின் பெட்டி வேலை செய்யும். அதை மறுக்கமாட்டேன். கே-யு பேண்டில் (சி பேண்டைவிட உயர்ந்த அலைவரிசைப் பகுதி, சின்ன டிஷ்ஷே போதும்) வரும் இந்திய டிடிஎச் அலையின் ஓரம் இலங்கை மேலும் விழுகிறது. செயற்கைக்கோளுக்குப் பாக்கு நீரிணை ஒரு கோடுகூட இல்லை. ஆனால் அந்த இணைப்பு திருச்சியில் ஒரு வீட்டுக்குத் தரப்பட்டது. படங்களையும் கிரிக்கெட்டையும் நாடு வாரியாகத்தான் விற்கிறார்கள். இந்தியாவுக்கு உரிமை வாங்கியவர் இலங்கையில் காட்டினால், இலங்கைக்கு வாங்கியவர் சும்மா இருப்பாரா? அதனால் இந்திய நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் மாத்தளைவாசியே இல்லை. பெட்டி பழுதானால் மாற்றித் தர ஆள் வராது, திருச்சிக்காரரின் போனுக்கு வரும் ஓடிபி இல்லாமல் எதுவும் நடக்காது, ஒருநாள் கார்டு நின்றால் கேட்க வழியில்லை.

இதே பாட்டை ஸ்பெயினில் குடியேறிய பிரிட்டிஷ்காரர்கள் நமக்கு முன்பே பட்டுவிட்டார்கள். பிரிட்டனின் கட்டண டிவி நிறுவனமான ஸ்கையின் அனலாக் சேவை, வானில் 19.2 டிகிரி கிழக்கு என்ற இடத்தில் இருந்த அஸ்ட்ரா செயற்கைக்கோள்களில் வந்துகொண்டிருந்தது. 1998 அக்டோபர் 1 அன்று ஸ்கை டிஜிட்டல் 28.2 டிகிரிக்கு வந்தது. 2001 செப்டம்பரில் அனலாக்கை நிறுத்தினார்கள். கார்டு பிரிட்டன், அயர்லாந்து முகவரிக்கு மட்டும். உடனே ஊரில் உள்ள தங்கை பெயரிலும் மச்சான் பெயரிலும் கார்டு வாங்கி ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார்கள். உங்கள் திருச்சி முகவரி போலத்தான். 2003இல் பிபிசி தன் சேனல்களின் பூட்டையே எடுத்துவிட்டது, எல்லோருக்கும் கொண்டாட்டம். ஆனால் காரணத்தைக் கவனியுங்கள். அஸ்ட்ரா 2டி என்ற செயற்கைக்கோளின் கற்றை, அதாவது அது அனுப்பும் அலை, பிரிட்டனைச் சுற்றியே குறுகலாக விழுந்ததால் பூட்டு தேவைப்படவில்லை. ஸ்பெயின்காரர்கள் விடவில்லை, எட்டடிக்கும் பெரிய டிஷ் வைத்து ஓரத்துச் சிக்னலையும் பிடித்தார்கள். 2014 பிப்ரவரியில் பிபிசி இன்னும் இறுக்கமான கற்றை உள்ள புதிய செயற்கைக்கோளுக்கு மாறியது. தெற்கு ஸ்பெயினில் அவ்வளவு பெரிய டிஷ்கள் ஒரே நாளில் கொடிக்கம்பமாகிவிட்டன.

கார்டு வைத்துப் பூட்டுவது ஒன்று, அலை விழும் இடத்தைச் சுருக்கிப் பூட்டுவது இன்னொன்று. இரண்டாவதற்குக் கள்ளச்சாவி கிடையாது. இன்று மாத்தளையில் இந்திய அலை விழுகிறது என்பதற்காக அடுத்த செயற்கைக்கோளிலும் விழும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது கடைக்காரரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. எங்கோ ஒரு கார்டை வைத்துக்கொண்டு, பத்து விநாடிச் சாவியை இன்டர்நெட் வழியாக நூறு வீடுகளுக்கு அனுப்பும் திருட்டு வேலை அது. பூட்டு முறை மாறினாலோ சர்வர் பிடிபட்டாலோ அன்றே நின்றுவிடும், வருடக் கட்டணமும் போகும். வேண்டாம்.

சரி, அம்மாவுக்கு என்ன செய்வது? தொடர்களுக்கு, இலங்கையில் உரிமத்தோடு சேவை தரும் நிறுவனத்திடமே இணைப்பு வாங்குங்கள். டயலாக் டிவியோ பியோ டிவியோ, எதுவானாலும் தமிழ்த் தொகுப்பின் சேனல் பட்டியலை எழுத்தில் வாங்கி, அம்மாவிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நல்ல இன்டர்நெட் இருந்தால், சேனல் நிறுவனங்களே வெளிநாட்டுக்குக் கொடுக்கும் செயலிகளையும் பார்க்கலாம். ஆனால் ரிமோட்டில் எண்ணை அழுத்திப் பழகியவருக்குச் செயலி ஒத்துவருமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கட்டணமில்லாமல் கூடுதலாக ஏதாவது வேண்டுமென்றால் இந்திய அரசின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது, 2004 டிசம்பரில் தொடங்கியது. 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 வழியாக வருகிறது. அதில் டிடி தமிழ் கிடைக்கும் (2024 ஜனவரி வரை பொதிகை என்ற பெயரில் இருந்ததுதான்). மற்றவை பெரும்பாலும் இந்தி. இதற்கு உங்கள் வலை டிஷ்ஷைப் பயன்படுத்தலாமா என்றால், கூடாது. சி பேண்ட் அலையின் நீளம் சுமார் ஏழரை சென்டிமீட்டர், வலையின் ஓட்டை அதற்குச் சுவர் மாதிரி. கே-யு பேண்ட் அலை இரண்டரை சென்டிமீட்டர்தான். ஐந்தாறு மில்லிமீட்டர் ஓட்டை அதற்குச் சல்லடை. ஓட்டையில்லாத தகட்டு டிஷ் வேண்டும். கடையில் இரண்டடி போதும் என்பார்கள், கற்றையின் ஓரத்தில் இருப்பதால் மூன்றடி வாங்குங்கள், உங்கள் ஊர் மழைக்கும் தாங்கும். மாத்தளையிலிருந்து அந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்குக்குக் கொஞ்சம் கிழக்கே தள்ளி, 70 டிகிரிக்கும் மேலான உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேல் இருக்கிறது. ஆகவே பக்கத்து வீட்டு மாடி தடையாகாது, உங்கள் வளவின் பலா மரக்கிளை தடையாகும்.

எட்டடி டிஷ்ஷை அதன் பாட்டுக்கு நிற்கவிட்டு, கடைக்காரரை ஒரு பெட்டியும் புதிய எல்என்பியும் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் வளவிலேயே, உங்கள் டிஷ்ஷிலேயே, அம்மா கேட்கும் சேனலை ஓடவிட்டுக் காட்டட்டும். காட்டிய பிறகு பணம். அதற்கு முன் டிஷ்ஷின் மூக்குப் பகுதியைப் பக்கவாட்டில் கிட்ட வைத்து ஒரு படம், வலையின் ஓட்டைமேல் அடிக்கோலை வைத்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பிவையுங்கள். எல்என்பியை மட்டும் மாற்றினால் போதுமா, அதைத் தாங்கும் ஃபீட்டையே (அலையை எல்என்பிக்குள் விடும் குழாய்) மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.