கவுண்டி காலேஜ் இலவசமா? புதிதாக வந்த தங்கச்சிக்கு

தென்காசிப் பக்கத்திலிருந்து 2025 அக்டோபரில் கிரீன் கார்டில் நியூ ஜெர்சி வந்த தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இங்கே கம்யூனிட்டி காலேஜ் (கவுண்டி எனும் மாவட்டத்தின் இரண்டு வருடக் கல்லூரி) இலவசம் என்கிறார்கள். வரும் செப்டம்பரில் சேர்த்தால் கிடைக்குமா? நாங்கள் அண்ணன் வீட்டில் இருக்கிறோம். அவர் சம்பளத்தையும் சேர்த்துப் பார்ப்பார்களா? என் கணவர் வேலையை ஒரு வழி பண்ண ஊருக்குப் போகிறார். மகளை அண்ணனிடம் விட்டுவிட்டு நானும் ஆறு மாதம் போய் வரலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் போகாதீர்கள். அவர் போகட்டும், நீங்கள் இருங்கள்.

மாநில அரசின் உதவிக்கு மகள் நியூ ஜெர்சியில் தொடர்ந்து 12 மாதம் குடியிருந்திருக்க வேண்டும். அவளுக்கு 24 வயதாகவில்லை, கல்யாணமும் ஆகவில்லை. அதனால் கணக்குப்படி அவள் உங்களைச் சார்ந்தவள். சார்ந்திருக்கும் பிள்ளையின் குடியிருப்பு, பெற்றோரின் குடியிருப்பை வைத்துத்தான் தீர்மானமாகிறது. அப்பாவும் அம்மாவும் தென்காசியில், மகள் மட்டும் மாமா வீட்டில் என்றால், படிப்புக்காக மட்டும் வந்து தங்கியிருக்கிறாள் என்று எழுதிவிடுவார்கள். கிரீன் கார்டில் வந்து இறங்கிவிட்டு, பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுத் திரும்புகிற குடும்பங்களை வருடா வருடம் பார்க்கிறேன். பெரும்பாலும் இடிக்கிற இடம் இதுதான்.

அண்ணன் சம்பளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவர் சோறு போட்டாலும், கூரை கொடுத்தாலும், விண்ணப்பத்தில் அவருக்கு இடமில்லை. பார்ப்பது உங்கள் இருவரின் வருமானத்தையும் மகளுடையதையும்தான். அதுவும் இந்த வருட வருமானம் இல்லை, இரண்டு வருடம் முந்தையது. 2026-27 கல்வியாண்டுக்கு 2024 வருமானம். அப்போது நீங்கள் ஊரில் இருந்தீர்கள். உங்கள் கணவர் வருடம் ஒன்பது லட்சம் வாங்கியிருந்தால் டாலரில் பத்தாயிரத்துச் சொச்சம்தான். அதை மறைக்கவும் கூடாது, மறைக்கத் தேவையும் இல்லை. டாலருக்கு மாற்றி எழுதுங்கள். ஃபார்ம் 16, வருமான வரி ரிட்டர்ன் நகல் இரண்டும் கையில் இருக்கட்டும். பிறகு கேட்டாலும் கேட்பார்கள்.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? இரண்டு குழாய். ஒன்று அமெரிக்க மத்திய அரசின் பெல் கிராண்ட் (கிராண்ட் என்றால் திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவிப்பணம்). இதற்கு 12 மாதக் கணக்கு கிடையாது, கிரீன் கார்டு இருந்தால் போதும். முழுத்தொகை 2025-26இல் 7,395 டாலர். சொந்தக் கவுண்டி மாணவருக்கான ஓராண்டுக் கட்டணம் பல கவுண்டிகளில் இதற்குள் அடங்கிவிடும். இன்னொன்று மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆப்பர்ச்சூனிட்டி கிராண்ட். 2019இல் சில காலேஜுகளில் மட்டும் சோதித்துப் பார்த்து, 2021இல் சட்டமாக்கினார்கள். குடும்ப வருமானம் 65,000 டாலருக்குள் இருந்தால் முழுக் கட்டணம், 80,000 வரை அதிகபட்சம் பாதி, ஒரு லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இது கடைசியில் வந்து நிற்கிற பணம். பெல்லும் மற்ற கிராண்டுகளும் போக மீதம் இருக்கும் கட்டணத்தைத்தான் இது அடைக்கும். புத்தகம், பஸ், சாப்பாடு எல்லாம் உங்கள் பாடு. செமஸ்டருக்குக் குறைந்தது 6 கிரெடிட் (பாட அலகு) எடுக்க வேண்டும். ஏற்கெனவே பட்டம் வாங்கியவருக்குக் கிடையாது. ஊரில் பி.எஸ்ஸி. முடித்த அம்மாக்கள் மகளோடு சேர்ந்து படிக்கலாம் என்று ஆசையாக வருகிறார்கள். அவர்களுக்கு இது கைகொடுக்காது.

அக்டோபரில் வந்தீர்கள், செப்டம்பரில் வகுப்பு. ஒரு மாதம் இடிக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். முதல் செமஸ்டரைப் பெல்லை வைத்து ஓட்டுங்கள். 12 மாதம் நிறைந்ததும் ஜனவரி செமஸ்டருக்கு மாநில உதவியைக் கேட்கலாம்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. 12 மாதம் ஆகாதவரை, நீங்கள் இந்த மாநிலத்தார் இல்லை என்றுதான் காலேஜ் எடுத்துக்கொள்ளும். இங்கேயே நிரந்தரமாக இருக்க வந்தவர்கள் என்று காகிதத்தால் நிரூபித்தால் மாற்றிக்கொள்வார்கள். நிரூபிக்க முடியாவிட்டால் வெளிமாநிலக் கட்டணம். அந்தக் கட்டணத்துக்குப் பெரும்பாலும் பெல் காணாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2004இல் வந்தபோது நாங்களும் கொழுந்தனார் வீட்டு பேஸ்மென்ட்டில்தான் இருந்தோம். அக்கவுண்டிங் படிக்கலாம் என்று ஒரு காலேஜுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா, நான் நீட்டிய கரண்ட் பில்லைத் திருப்பி என் பக்கமே தள்ளி, பெயர் இருந்த இடத்தில் பேனா முனையை வைத்தார். கொழுந்தனார் பெயர். லீஸும் அவர் பெயரில். போன் பில் என் வீட்டுக்காரர் பெயரில். என் பெயர் இருந்த ஒரே காகிதம் பாஸ்போர்ட். அந்த செமஸ்டர் வெளிமாநிலக் கட்டணத்தைத் தவணையில் கட்டினேன். அன்று வீட்டுக்கு வந்ததும், ஊரிலிருந்து துணி சுற்றிக் கொண்டுவந்த மஞ்சப்பையை உதறி, என் பெயருக்கு வந்த ஒவ்வொரு கவரையும் அதில் போட ஆரம்பித்தேன்.

நீங்களும் இந்த வாரமே ஆரம்பியுங்கள். அண்ணன் வீட்டு முகவரியில் உங்கள் பெயரிலும் மகள் பெயரிலும் பேங்க் கணக்கு. கார் ஓட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மாநில அடையாள அட்டையாவது எடுத்துவிடுங்கள். மாதம் நூறோ இருநூறோ அண்ணனுக்குக் கொடுப்பீர்கள்தானே, அதை ஒரு சின்ன வாடகை ஒப்பந்தமாக எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். "அண்ணனிடம் போய் எப்படி அக்ரிமென்ட்" என்று கூச்சமாக இருக்கும். கேளுங்கள், அவரும் ஒரு காலத்தில் இதைக் கடந்து வந்தவர்தான். சம்பளம் வர ஆரம்பித்தால் நியூ ஜெர்சி வரி ரிட்டர்னைப் போட்டுவிடுங்கள், அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

அப்புறம் ஃபாஃப்சா (FAFSA), மத்திய அரசின் கல்வி உதவி விண்ணப்பம். எல்லா உதவிக்கும் வாசல் இந்த ஒரு விண்ணப்பம்தான். நீங்கள் 2024இல் அமெரிக்காவில் கூட்டாக வரி கட்டவில்லை. ஆகவே மகள், நீங்கள், உங்கள் கணவர் என்று மூன்று பேரும் ஃபாஃப்சா தளத்தில் தனித்தனிக் கணக்குத் திறந்து, வரி விவரத்தைப் பார்க்கச் சம்மதம் கொடுக்க வேண்டும். கணவர் விமானம் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். இல்லையென்றால் நடுராத்திரி போனில் "ஓ.டி.பி. வந்துச்சா, வரலையா" என்று கத்திக்கொண்டிருக்க வேண்டிவரும்.

ஃபாஃப்சா போட்டதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மாநிலத்தின் கல்வி உதவிப் பணத்தைக் கையாளும் ஹெசா (HESAA) அலுவலகம் தன் தளத்தில் கூடுதலாகச் சில கேள்விகள் வைத்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் மாநிலப் பணம் அசையாது. புதிதாகச் சேர்பவர்கள் ஃபாஃப்சா போடக் கடைசி நாள் செப்டம்பர் 15. ஜனவரி செமஸ்டருக்கு மட்டும் என்றால் பிப்ரவரி 15.

இதைப் படிக்கும் எச்-4 (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பெல் எச்-4க்குக் கிடையாது. மாநில உதவியோ உள்ளூர்க் கட்டணமோ கிடைக்குமா என்று உங்கள் கவுண்டி காலேஜின் அட்மிஷன் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

மகள் என்ன படிக்கப் போகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வருடம் கழித்து நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால், ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். என்ற இரண்டு வருட அசோசியேட் பட்டத்தில் சேருங்கள். ஏ.ஏ.எஸ். என்று மூன்றெழுத்து இருந்தால் அது நேராக வேலைக்குப் போகிறவர்களுக்கானது. பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது எடுத்த கிரெடிட் எல்லாம் அங்கே செல்லாமல் போகலாம். பெயர் பார்க்க ஒன்றுபோல இருக்கும், கவுன்சலரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.