பையனிடம் எப்போது சொல்வது? – கடிதம்

அன்புள்ள சார்,

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். மூன்று வயதில் எங்களோடு வந்த மகன் இப்போது பத்தாம் வகுப்பு. இயற்பியல் என்றால் அவனுக்கு உயிர். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால்தான் இங்கே தங்க முடியும் என்கிறார் அவன் அப்பா. நம்மவர்களுக்கு இயல்பாகவே கணக்கும் அறிவியலும் வரும், எதை எடுத்தாலும் ஜெயிப்பான் என்பது என் கட்சி. படிப்பு கெட்டுவிடுமோ என்று அவனுடைய விசா விவகாரத்தை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. எதைப் படிக்கச் சொல்லலாம்? ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியை நிறுத்திவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

தமிழ்ப் பள்ளியைப் பற்றி அவனையே கேளுங்கள். இரண்டு மணி நேரத் தமிழால் எந்த இயற்பியலும் கெட்டுப்போகாது.

"நம்மவர்களுக்கு இயல்பாகவே வரும்" என்ற வரியைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அமெரிக்காவில் எந்தத் தமிழர் வீட்டு ஹாலில் உட்கார்ந்தாலும் இந்தப் பெருமையைக் கேட்டாக வேண்டும். 2016-இல் அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் ஆய்வுப் போட்டியான இன்டெல் சயின்ஸ் டேலன்ட் சர்ச்சின் இறுதிச் சுற்றுக்கு வந்த 40 மாணவர்களில் 33 பேர் குடியேறியவர்களின் பிள்ளைகள். உண்மைதான். அவர்களில் பெரும்பாலோரின் பெற்றோர் எச்-1பியில் வேலை பார்த்தவர்கள். பட்டம் வாங்கியவர்களை மட்டும் சலித்தெடுத்து விமானம் ஏற்றிவிட்டு, அவர்கள் வீட்டில் கணக்கு நன்றாக வருகிறது என்று வியக்கிறோம். இதே தமிழர்கள்தான் மலையகத் தேயிலைக்கும் மலாயா ரப்பருக்கும் போனார்கள். தோட்டப் பள்ளிக்கூடம் ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. அவர்களுடைய பிள்ளைகள் கொழுந்து பறித்தார்கள், ரப்பர் மரத்தில் பால் எடுத்தார்கள். அவர்கள் உடம்பில் ஓடியது வேறு ரத்தமா? நாளைக்கு உங்கள் பையன் ஒரு பரீட்சையில் சறுக்கினால், நம்மவனாயிற்றே, எப்படிச் சறுக்கினான் என்று அவனைத்தான் குடைவீர்கள்.

உங்கள் கணவருக்கு: இயற்பியலும் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில்தான் இருக்கிறது. எஃப்-1 மாணவர் விசாவில் படித்து முடித்தால் ஓராண்டு ஓபிடி என்கிற வேலை அனுமதி, அதன்மேல் இரண்டாண்டு நீட்டிப்பு, இரண்டு படிப்புக்கும் ஒன்றுதான். பல்கலைக்கழக வேலைக்கு எச்-1பி குலுக்கலே கிடையாது. இதற்காகப் பையனின் ஆசையில் கைவைக்க வேண்டாம்.

ஆனால் அவனிடம் சொல்லவில்லை என்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். கல்லூரியில் வேதியியல் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷன் பணத்தில் நடக்கும் கோடைகால ஆய்வுப் பயிற்சிக்கு லேப்டாப்பில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். குடியுரிமை உள்ளவரா, கிரீன் கார்டு உள்ளவரா என்று கேட்ட இடத்தில் நின்றாள். "அப்பா, நான் இதுல எது?" அப்பா சிங்க்கில் கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். "நான் சிட்டிசன்!" என்று சோபாவிலிருந்து கத்தினான் அங்கேயே பிறந்த தம்பி. அவள் கேட்டது ஒன்றுதான்: "இத்தனை வருஷமா உங்களுக்குத் தெரியுமா?" நான் கிளம்பும்வரை அவள் அப்பாவிடம் பேசவில்லை. சட்டத்தோடு அவள் சண்டை போட்டுக்கொள்வாள், கெட்டிக்காரப் பெண். வீட்டில் எல்லோரும் சேர்ந்து மறைத்ததை என்ன செய்வாள்?

உங்கள் மகன் நாளிதழ் படிக்கத் தெரிந்தவன். 21 வயதில் ஏஜ் அவுட் ஆகிவிடுவான், அப்பாவின் விசாவைச் சார்ந்து இருக்க முடியாது என்பதை எந்த நண்பன் வாயிலிருந்து அவன் கேட்க வேண்டும்? ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பில் இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் முறை அதற்குள் வராவிட்டால் பிள்ளைகளுக்கான அவனுடைய எச்-4 விசா முடிந்துவிடும், அவன் எஃப்-1க்கு மாற வேண்டும். அதுவரை சம்பளம் வாங்கி வேலை செய்யக் கூடாது, மத்திய அரசின் கல்வி உதவி இரண்டு விசாவிலும் கிடையாது. பதினைந்து வயதில் தெரிந்தால் அவனே திட்டம் போடுவான். சயின்ஸ் டேலன்ட் சர்ச் குடியுரிமை கேட்பதில்லை, பன்னிரண்டாம் வகுப்பில் தன் ஆய்வை அனுப்பட்டும். முனைவர் பட்ட ஆய்வில் பேராசிரியரின் நிதியிலிருந்து உதவித்தொகை வாங்கக் கிரீன் கார்டு தேவையில்லை. கிரீன் கார்டு மனு நிலுவையில் கிடந்த நாட்களை வயதிலிருந்து கழிக்க 2002-ஆம் ஆண்டுச் சட்டமொன்று இடம் தருகிறது. வக்கீலிடம் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்விகளை அவன் கேட்கட்டும்.

இந்தச் சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள். கணவரும் கூட உட்காரட்டும், வேலை இருக்கிறது என்று நழுவ விடாதீர்கள். பையன் கத்தினால் கத்தட்டும்.